வாத்தியார் வண்டியின் ரேடியேட்டர்

வீராம்பட்டினத்தில் குடியிருப்பவனுக்கு உலோகங்களோடு ஓயாத வழக்கு ஒன்று உண்டு. சன்னல் கம்பி, கதவுக் கீல், மிதிவண்டிச் சங்கிலி, மாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்று எதைத் தொட்டாலும் விரலில் துரு ஒட்டும். கிழக்கே கடல். வடக்கிலும் தெற்கிலும் ஆறு கடலோடு கலக்கும் கழிமுகங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும் உப்பைச் சுமந்துகொண்டுதான் வரும். தரையைத் தோண்டினால் ஊறும் தண்ணீரிலும் அதே உப்பு.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மோட்டார் வண்டி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதில் வண்டியின் உறுதிக்கு ஒரு பங்கு உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவரின் பிடிவாதத்திற்கு இன்னொரு பங்கு உண்டு. எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு ஊரார் வைத்த பெயர் 'வாத்தியார் வண்டி'. வாத்தியார் என் தந்தையார். 1988ஆம் ஆண்டு, வருங்கால வைப்பு நிதியில் கடன் வாங்கி, அம்மாவின் இரண்டு வளையல்களையும் விற்று அவர் வாங்கிய வண்டி அது. நான்காம் மார்க், பெட்ரோலில் ஓடுவது, முன்னிருக்கை பலகைபோல் நீண்டிருக்கும், கியர்க் கம்பு ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருக்கும்.

அந்த வண்டியின் ரேடியேட்டரைப் பழுதுபார்ப்பதா, கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவதா என்று சென்ற கோடையில் மூன்று வாரங்கள் யோசித்துக்கொண்டிருந்தேன். கவிதையும் கதையும் பேசுகிற நண்பர்களுக்கு இது ஒரு பொருளா என்று தோன்றலாம். ஒரு பழைய பொருளில் எது உயிரோடு இருக்கிறது, எது இறந்துவிட்டது என்று கண்டறிவது எவ்வளவு கடினம் என்பதை இந்த மூன்று வாரங்களில்தான் நான் கண்கூடாகக் கண்டேன். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். வண்டியையே விற்றுவிட்டால் என்ன? பாரிஸில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் அதைத்தான் கேட்டாள்.

"அண்ணா, அது ஓடி முடிச்ச வண்டி. இன்னும் எவ்வளவு காசு கொட்டுவே?"

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் தயாரிக்கப்பட்டு வந்தது அம்பாசிடர். 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரை 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ நிறுவனம் வாங்கிக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் ஓடும் வண்டிக்கு இது ஒரு வேடிக்கையான முடிவுதான். ஆனால் விலைபோனது பெயர். பெயரை வாங்கியவர்கள் எங்களுக்கு ரேடியேட்டர் அனுப்பப் போவதில்லை.

அரசும் பழைய வண்டிகளை மெல்ல வெளியே தள்ளுகிறது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாயானது. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2023இல் எங்கள் வண்டிக்கு ஐயாயிரம் கட்டினேன். அடுத்த முறை அதன் இருமடங்கு கட்ட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் தெரிந்தே நான் விற்கவில்லை என்றால், காரணம் பழைய நினைவுகள்மீதான பற்று அன்று. அப்பாவுக்கு எண்பத்தேழு வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள். ஆட்டோவின் படியில் அவரால் கால் தூக்கி வைக்க முடியாது. இப்போது வரும் சிறிய கார்களில் குனிந்து, உடம்பை மடித்து, பள்ளத்தில் இறங்குவதுபோல் உட்கார வேண்டும், அதுவும் முடியாது. அம்பாசிடரின் கதவு அகலம். இருக்கை நாற்காலி உயரம். முதுகைக் காட்டி அப்படியே உட்கார்ந்து, பின்பு இரண்டு கால்களையும் நாங்கள் ஒன்றாகத் திருப்பி உள்ளே வைத்துவிடுவோம். மாதம் ஒருமுறை கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் செல்ல எங்களிடம் உள்ள ஒரே வழி இந்த வண்டிதான். ஆம்புலன்சை அழைக்கலாம். ஆனால் படுத்துக்கொண்டு போக அவர் சம்மதிப்பதில்லை. "உக்காந்து போற வரைக்கும் போறேன்" என்பார்.

அந்த வண்டிதான் மே மாதத்தில் இந்திரா காந்தி சிலைச் சந்திப்பில் நின்றது. வீராம்பட்டினத்திலிருந்து அரியாங்குப்பம், ஆற்றுப்பாலம், முருங்கப்பாக்கம் வரை வெப்பமானியின் முள் நடுவிலேயே நின்றது. மரப்பாலம் தாண்டி நூறடிச் சாலையில் நெரிசல் தொடங்கியதும் மெல்ல ஏறியது. சிலைக்கு அருகே மூன்றாம் முறை சிக்னல் விழுந்தபோது சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்மூடியின் இடுக்குகளில் ஆவி கிளம்பியது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, ஒரு மரத்து நிழலில் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும் என்பதால், ஆறும்வரை வேறு ஒன்றும் செய்வதற்கில்லை. அப்பா வியர்த்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். அவரை வேறு வண்டிக்கு மாற்றவும் முடியவில்லை. சீட்டுப் பதியும் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்பது உண்மை. ஆனால் அந்த நாற்பது நிமிடத்தை இன்னொரு முறை அனுபவிக்க எனக்குத் துணிவில்லை.

அப்பாவிடம் ஒரு நீண்ட கணக்கு நோட்டு இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்குச் செய்த ஒவ்வொரு வேலையும், தேதியும் செலவும், வாத்தியார் கையெழுத்தில் அதில் இருக்கும். ரேடியேட்டர் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் அன்றிரவு பொறுக்கி எடுத்தேன். 1988இல் புதிது. 1999இல் முதல் ஒழுக்கு, ஈயம் வைத்து அடைத்தது. 2007இல் கழற்றிச் சுத்தம் செய்தது. 2013இல் மீண்டும் ஈயம். 2018இல் இரண்டு குழாய்களை அடைத்தது. 2021இல் ஒன்று. 2023இல் இன்னொன்று. பதினொன்று, எட்டு, ஆறு, ஐந்து, மூன்று, இரண்டு என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் அட்டையைப் படிப்பது போலிருந்தது. எந்த ஒரு பழுதும் பெரிதில்லை. பழுதுகளுக்கு இடையிலான காலம்தான் செய்தி.

இனி யோசனைகளைக் கேட்டேன். அரியாங்குப்பத்தில் வண்டி வேலை செய்யும் இளைஞர் ஒருவர், வழக்கமாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர், உடனே முடிவு சொன்னார்.

"அண்ணே, இதை நோண்டாதீங்க. அலுமினியம் ஒண்ணு வாங்கிப் போட்டுடலாம். ஆறாயிரத்துக்குள்ள முடியும். அரை நாள் வேலை."

கடலூர்ச் சாலையில் வேறொருவர், வண்டியிலிருந்து கழற்றாமலே குனிந்து பார்த்துவிட்டு, "ஒரு டியூபை அடைச்சா போதும் சார். ஆயிரத்து இருநூறு குடுங்க" என்றார். லாரி ஓட்டும் உறவினர் ஒருவர் மஞ்சள்தூள் கரைத்து ஊற்றச் சொன்னார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் சின்ன ஒழுக்கை மஞ்சள்தூளால் அடைத்துக்கொண்டு ஊர்வந்து சேர்ந்தவர்கள் பலர் உண்டு. தூள் துளையில் போய்த் திரண்டு அடைத்துக்கொள்ளும். ஆனால் அது துளை எது, வழி எது என்று பார்க்காது. நல்ல குழாய்களிலும் போய்ப் படியும். அது ஊர்வந்து சேர உதவும் மருந்து. உடம்பு தேற அன்று.

கடைசியாக, முதலியார்பேட்டைப் பக்கம் ரேடியேட்டர் வேலை மட்டுமே செய்யும் பெரியவர் ஒருவரிடம் போனேன். எல்லோரும் அவரை பாய் என்றே அழைக்கிறார்கள். கடை என்பது ஒரு தகரக் கொட்டகை. நடுவே தண்ணீர் நிரம்பிய சிமெண்டுத் தொட்டி. சுவரோரம் பிரிக்கப்பட்ட ரேடியேட்டர்கள். அவர் முதலில் விலை சொல்லவில்லை. "கழட்டிக் கொண்டாங்க சார், பாக்காம என்ன சொல்றது" என்றார்.

அவர் பார்த்த முறையைச் சொல்வதற்கு முன், இந்தக் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ரேடியேட்டரில் மேலே ஒரு பித்தளைத் தொட்டி, கீழே ஒரு பித்தளைத் தொட்டி. இரண்டையும் இணைத்து நூற்றுக்கணக்கில் தட்டையான மெல்லிய பித்தளைக் குழாய்கள். குழாய்களுக்கு இடையில், காகித விசிறிபோல் மடித்த செப்புத் தகடுகள். குழாய்களும் தகடுகளும் சேர்ந்த நடுப்பகுதியைக் கோர் என்பார்கள். எஞ்சினிலிருந்து சூடான நீர் மேல் தொட்டிக்கு வந்து குழாய்கள் வழியே இறங்கும். குழாயின் சூட்டைச் செப்புத் தகடு வாங்கிக் காற்றிடம் கொடுக்கும். ஆறிய நீர் கீழ்த் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும். இவை அனைத்தும் ஒன்றோடொன்று நிற்பது வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசினால்தான். அக்கலவை ஏறத்தாழ 183 பாகையிலேயே இளகத் தொடங்கும். ஒரு தீச்சுடர் போதும், பிரிக்கலாம், மீண்டும் சேர்க்கலாம்.

பாய் இரண்டு வாய்களையும் ரப்பர் வைத்து அடைத்தார். மூன்றாவதில் காற்றுக்குழாயைச் செருகி, ரேடியேட்டரைத் தொட்டியில் அமிழ்த்தினார். கீழ்த் தொட்டியின் விளிம்பில் ஒரே ஓர் இடத்திலிருந்து முத்துமுத்தாகக் குமிழிகள் கிளம்பின. வேறு எங்கும் இல்லை. எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்காரர் சொன்னது சரிதான் போலும் என்று நினைத்தேன்.

பாய் அதை வெளியே எடுத்து, வெயிலில் சாய்த்து, கட்டைவிரலால் செப்புத் தகடுகளை இலேசாகத் தேய்த்தார். பச்சைத்தூளாக உதிர்ந்து அவர் பாதத்தில் கொட்டியது.

"ஒழுகுறது ஒரு விசயமே இல்ல சார். ஒழுகாத இடத்துலதான் உசுரு போயிருக்கு" என்றார்.

நான் புரிந்துகொண்டது இது. ஒழுகுவது வெளிப்படையான பழுது. தரையில் சொட்டி, தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் உப்புக்காற்று செப்புத் தகடுகளை அரித்து, அவை குழாயோடு ஒட்டியிருக்கும் இடத்தைத் தின்றுவிட்டால், ஒரு துளி நீரும் வெளியே வராது. பார்வைக்குத் தகடு அங்கேயே நிற்கும். குழாயைத் தொடாத தகட்டுக்குச் சூடு போய்ச் சேராது. மார்கழியில் இது தெரியாது. அகன்ற சாலையில் வேகமாகப் போகும்போதும் தெரியாது, எதிர்க்காற்றே காப்பாற்றிவிடும். மே மாதத்து நண்பகலில், நெரிசலில், வண்டி நின்றுகொண்டிருக்கும்போதுதான் தெரியும். அதாவது, எப்போது தெரியக்கூடாதோ அப்போது.

செம்பில் படியும் அந்தப் பச்சைக்குத் தமிழில் களிம்பு என்று பெயர். உயிரோடு ஆணவ மலம் உடன்பிறந்தே இருப்பதற்குச் சைவ சித்தாந்திகள் காட்டும் உவமை அது: செம்பு தோன்றிய அன்றே களிம்பும் அதனோடு இருக்கிறது என்பார்கள். சித்தாந்தத்தைப் பற்றி வாதிட எனக்குத் தகுதியில்லை. வீராம்பட்டினத்தில் மட்டும் அது கடலிலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சொல்வேன்.

பிறகு பாய் சுடரை வைத்து மேல் தொட்டியைப் பிரித்துக் காட்டினார். குழாய்களின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் ஏதோ அடைத்திருந்தது. கடினநீரின் படிவு ஒரு பங்கு, பற்றாசு அரிபட்டுப் பூத்தது ஒரு பங்கு என்றார். ஆனால் பிரித்து வைத்த தொட்டியைத் தட்டியபோது கோயில் மணியின் ஓசை வந்தது. கனத்த பித்தளை. முப்பத்தேழு ஆண்டுகளில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. "இந்த டேங்கு என்னையவிட அதிக நாள் இருக்கும்" என்றார்.

ஆக, என் முன்னால் இருந்த கேள்வியே மாறிவிட்டது. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாய் மூன்றாவது வழியொன்றைக் காட்டினார். இரண்டு தொட்டிகளையும் பக்கச் சட்டங்களையும் வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் கோரை மட்டும் புதிதாகச் செய்து பொருத்துவது. கோருக்குச் சென்னையில் சொல்லி வரவழைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழைய கோரை எடைக்குப் போட்டு வரும் பணத்தை அதில் கழித்துக்கொள்ளலாம்.

ஆறாயிரத்துக்கு முழுதாகப் புதியது கிடைக்கும்போது, பாதி பழையதாக இருக்கும் ஒன்றுக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு கொடுப்பது அறிவுடைமையா? இரண்டு நாள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அலுமினியத்தின் தரப்பை நேர்மையாகச் சொல்ல வேண்டும். உலகத்து வண்டிகள் 1970களின் நடுப்பகுதியிலிருந்து அலுமினியத்துக்கு மாறிச் சென்றது வெறும் சிக்கனத்தால் அன்று. செம்பு, அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அலுமினியத்தின் எடை செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் குழாய்களை அகலமாகச் செய்து அந்தக் குறையை ஈடுகட்டிவிடலாம். ஈயமும் வேண்டியதில்லை, அது வேலை செய்பவரின் நுரையீரலுக்கு நல்லது. புதிய வண்டி ஒன்றுக்கு நான் அலுமினியத்தையே விரும்புவேன்.

ஆனால் அது உலைக்குள் அறுநூறு பாகை அளவிலான சூட்டில் ஒரே மூச்சில் இணைக்கப்படுவது. பெரும்பாலானவற்றில் தொட்டிகள் பிளாஸ்டிக். ரப்பர் வளையம் வைத்து, அலுமினிய விளிம்பை மடக்கி இறுக்கியிருப்பார்கள். பாயின் கொட்டகையில் இருக்கும் சுடரால் அதைப் பிரித்துச் சேர்க்க இயலாது. ஒழுகினால் பசை தடவலாம். அதற்குமேல் எறிய வேண்டியதுதான். எங்கள் வண்டிக்கென்று இப்போது செய்யப்படுவது குறைவு. கிடைப்பதைப் பொருத்தத் தாங்கியை அறுக்க வேண்டும், குழாய்களின் கோணத்தை மாற்ற வேண்டும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய செப்பு ரேடியேட்டர் தேடலாம் என்றும் ஒருவர் சொன்னார். ஆனால் அங்கே வாங்குவது இன்னொருவர் வீட்டுக் களிம்பைத்தான்.

இந்த யோசனையோடு ஒரு மாலை கடற்கரையில் நின்றபோது, பக்கத்து வீட்டு மாமா மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். விசயத்தைச் சொன்னேன்.

"கட்டுமரத்துல ஒரு மரம் தண்ணி குடிச்சுக் கனத்துப்போனா என்னா பண்ணுவோம்? அந்த மரத்த மட்டும் மாத்திக் கட்டுவோம். அதுக்காகக் கட்டுமரத்தையே வுட்டுடுவோமா?" என்றார்.

இதை நான் நூறுமுறை பார்த்திருக்கிறேன். இப்படி எண்ணிப் பார்த்ததில்லை. கட்டுமரத்தில் ஆணி கிடையாது. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலரப் போடுவார்கள். மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். அவிழ்ப்பதற்கென்றே கட்டப்பட்ட கலம் அது. 2004ஆம் ஆண்டு சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை நெடுகக் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றில் கீறல் விழுந்தால் இழைப்பாய் வைத்துப் பிசின் பூசி ஒட்டுகிறார்கள். நன்றாகவே நிற்கிறது, மாமாவின் மகன்களும் அதில்தான் போகிறார்கள். ஆனால் ஒரு பாகத்தை மட்டும் கழற்றி எடுத்து வேறொன்றை வைக்க அதில் இயலாது. பித்தளை ரேடியேட்டர் கட்டுமரத்தின் இனம். அலுமினியம் கண்ணாடியிழைப் படகின் இனம். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. கையிலிருக்கும் பொருள் எந்த இனம் என்று தெரிந்துகொள்ளாமல் பழுதுபார்ப்பதா, மாற்றுவதா என்று கேட்டால் விடை கிடைக்காது என்பதே நான் கண்டது.

எங்கள் ஊருக்கு இது புதிய பாடமும் அன்று. ஊரை ஒட்டியிருப்பது அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ரோமானிய வணிகத்தின் தடயங்களை வெளிப்படுத்திய பிறகுதான் உலகம் அந்தப் பெயரை அறிந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காண்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்த லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் இந்த மேட்டைக் கண்டிருக்கிறார். வீராம்பட்டினத்துக்காரர்கள் அங்கிருந்து பெரிய பழஞ்செங்கற்களை எடுத்துப் பயன்படுத்துவதையும் எழுதியிருக்கிறார். 1769இல் மேகம் மறைத்ததால் அவர் காண வந்த காட்சியைக் காணவில்லை என்பது வேறு கதை. தொல்லியலாளர்களுக்கு அந்தச் செங்கற்கள் இழப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்ல செங்கல்லை நல்ல செங்கல் என்று அறிந்து எடுத்த கைகளை என்னால் முழுவதும் குறைசொல்ல இயலவில்லை.

முடிவு செய்வதற்கு முன் பாயிடம் ஒன்று கேட்டேன். புதிய கோர் போட்டால் எத்தனை ஆண்டு வரும்?

அவர் உடனே விடை சொல்லவில்லை. "என்னா தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை அப்பாவின் நோட்டில் இருந்தது. 1988 முதல் 2006 வரை அவர் ஆண்டுதோறும் 'மழைநீர், இரண்டு கேன்' என்று எழுதியிருக்கிறார். ஐப்பசி மழையில் மாடியில் பிடித்த நீரை மூடி வைத்து, ஆண்டு முழுவதும் வண்டிக்கு அதையே ஊற்றியிருக்கிறார். 2007இல் அவருக்குக் கண் அறுவை நடந்தது. வண்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை பல கைகளுக்கு மாறியது. வண்டி நின்ற இடத்தில் எந்தக் குழாய் இருந்ததோ அந்தத் தண்ணீர். கடற்கரைக் கிணற்று நீரின் உப்பு பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தை மெல்லக் கரைத்துவிடும். எஞ்சுவது பார்ப்பதற்குக் குழாய், உள்ளே கடற்பஞ்சு. இடைவெளிகள் சுருங்கத் தொடங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலத்திலிருந்துதான். உப்புக்காற்றை நாம் தடுக்க முடியாது. உள்ளே ஊற்றும் உப்பைத் தடுக்கலாம்.

இப்போது மழைநீரைவிடச் சிறந்த வழி இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் கலந்த குளிர்விப்பு நீரைக் கூலண்ட் என்று விற்கிறார்கள். அதில் அரிப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். செம்புக்கும் பித்தளைக்கும் ஈயப்பற்றுக்கும் ஒத்துப்போகும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லா வகையும் எல்லா உலோகத்துக்கும் பொருந்துவதில்லை. சொன்ன காலத்துக்கு ஒருமுறை வடித்துவிட்டு மாற்ற வேண்டும். மருந்து தீர்ந்த கூலண்ட் வெறும் தண்ணீரைப் போன்றதுதான். ரேடியேட்டர் மூடியையும் சேர்த்து மாற்றச் சொன்னார் பாய். அது வெறும் மூடியன்று, அழுத்தத்தைக் காக்கும் வால்வு. உள்ளே அழுத்தம் கூடக்கூட நீர் கொதிக்கும் பாகை உயரும்; வளிமண்டலத்தைப் போல் இருமடங்கு அழுத்தத்தில் நீர் 120 பாகையில்தான் கொதிக்கும். பழைய வண்டிகளின் மூடிகள் அவ்வளவு அழுத்தம் தாங்குபவை அல்ல. ஆயினும் அதன் சுருள்வில் தளர்ந்துவிட்டால், நல்ல ரேடியேட்டரும் நூறு பாகையிலேயே பொங்கிவிடும்.

கோரை மாற்றுவது என்று முடிவு செய்தேன். என் கணக்கு எளிது. ஒழுக்கை மட்டும் அடைப்பது மலிவு. ஆனால் அது பழுதில்லாத இடத்தைப் பழுதுபார்ப்பதாகும். முழுதும் மாற்றுவது இலகு. ஆனால் உயிருள்ள பாகத்தையும் சேர்த்து எறிவதாகும். இன்னும் ஆறேழு ஆண்டுகளில் மீண்டும் ஒழுகினால், ஒன்றைப் பிரித்துச் சேர்க்கலாம், மற்றதைக் குப்பையில் போடலாம். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். பழைய கோரின் எடைக்காசு அதிலும் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டது.

கோர் வந்து சேர ஒன்பது நாள் ஆனது. எங்கள் ஊர்ச் செங்கழுநீர் அம்மனுக்கு ஆடி மாதத்தில் தேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வந்து வடம்பிடித்த தேர் அது. இன்று துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். தேருக்கு முன் வேலை முடியாவிட்டால், சாலையெல்லாம் கூட்டமாகி வண்டியை வெளியே எடுக்க இயலாது. பாய் அதை நினைவில் வைத்திருந்தார். சேர்க்கும் வேலையை நான் உடனிருந்து பார்த்தேன். தொட்டியின் விளிம்பைத் தேய்த்து மின்னவைத்தார். துத்தநாகம் போட்டு வீரியம் குறைத்த அமிலத்தைத் தூரிகையால் தடவினார். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க, ஈயக்கம்பி இளகி, நீர்போல ஓடி, இடுக்கில் தானாகவே புகுந்து நின்றது. அதிகமாக வைத்த இடம் ஒன்றுமில்லை. மீண்டும் அமிழ்த்தினார். ஒரு குமிழியும் வரவில்லை. தன் வேலையைத் தானே நம்பாதவர்போல் ரேடியேட்டரைத் திருப்பிப் போட்டு இன்னொரு முறை அமிழ்த்திப் பார்த்தார்.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள யாராவது வருகிறார்களா என்று கேட்டேன். "வர்ற வண்டியெல்லாம் பிளாஸ்டிக் சார். பசங்களுக்கு எதுக்கு இது" என்றார், வருத்தமில்லாமல். என் கணக்கில் நான் சேர்க்காத ஒன்று இருப்பதை அப்போது உணர்ந்தேன். பிரித்துச் சேர்க்கத்தக்க பொருள் என்பது பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கை இருக்கும்வரைதான். அடுத்த முறை இந்தத் தொட்டிகள் நன்றாக இருக்கும். இந்தக் கொட்டகை இருக்குமா என்று தெரியாது. அப்போது அலுமினியம்தான் சரியான விடையாக இருக்கக்கூடும். ஒரே கேள்விக்கு ஒரே பொருளைப் பற்றி இரண்டு காலத்தில் இரண்டு விடை இருப்பதில் முரண் ஒன்றுமில்லை.

தேருக்குப் பிறகு இதுவரை மூன்றுமுறை ஜிப்மருக்குப் போய்வந்துவிட்டோம். இரண்டாம் முறை நல்ல வெயில். அதே சிலைச் சந்திப்பில் நான்கு சிக்னல் நின்றோம். முள் நடுவைத் தாண்டி ஒரு நூலளவு ஏறி, அங்கேயே நின்றது. அப்பா அதைக் கவனித்துக்கொண்டே வந்தார்.

"எத்தன வருசம் தாங்கும்னு சொன்னாரு?" என்றார்.

"ஊத்துற தண்ணியப் பொறுத்துன்னாருப்பா."

"சரியாத்தான் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.